ரிச்சர்டு டெனியர் வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு: ரூ. 18,500 பறிபோனது

ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். இடைக்காலப் பிரெஞ்சுப் பிரபுக்களின் காசுகளைச் சேர்ப்பவர்கள், குறிப்பாகச் சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் டெனியரை (அக்காலப் பிரான்சின் சிறு வெள்ளிக்காசு) தேடுபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

ரிச்சர்டு 1189 முதல் 1199 வரை இங்கிலாந்தை ஆண்டபோதும், அங்கே அடித்த பென்னிகளில் அவருடைய தந்தை ஹென்றியின் பெயரே தொடர்ந்தது. ரிச்சர்டின் சொந்தப் பெயர் பொறித்த காசு வேண்டுமென்றால், பிரான்சில் அவருக்கு உரிமையாயிருந்த அக்கித்தேன், புவாத்து நிலப்பகுதிகளின் டெனியரைத்தான் நாட வேண்டும். புவாத்து டெனியரில் ஒருபுறம் சிலுவையைச் சுற்றி 'ரிகார்டுஸ் ரெக்ஸ்' (மன்னர் ரிச்சர்டு) என்றும், மறுபுறம் மூன்று வரிகளில் 'பிக்டாவியென்சிஸ்' (புவாத்தைச் சேர்ந்த) என்றும் லத்தீனில் இருக்கும். செம்பு கலந்த மட்டமான வெள்ளி, எடை ஏறத்தாழ ஒரு கிராம். அந்தப் பெயருக்காகத்தான் இத்தனை தேடல்.

பழங்காசுகளை ஏலத்தில் விற்கும் ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் இந்தக் காசைப் பார்த்தேன். விற்றவர் என் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பிரான்சின் ஆஞ்சு பகுதிக் காசுகளில் அதன் கோமகன் ஃபுல்க்கின் பெயரெழுத்துகளைக் கோத்த முத்திரையைப் பற்றியும், ஷாம்பெயின் கோமகன்கள் புரோவென் நகரில் அடித்த காசிலுள்ள சீப்புச் சின்னத்தைப் பற்றியும் தாமாகவே பக்கம் பக்கமாக விவரித்தார். இவ்வளவு ஈடுபாட்டோடு பேசுகிறவர் பொய்க்காசை அனுப்ப மாட்டார் என்று நம்பி, கையெழுத்திட்ட சான்றிதழும் உண்டு என்று அவர் உறுதியளித்த பிறகே, ரூ. 18,500 செலுத்தினேன்.

காசு வந்து சேர்ந்த சில நாட்களில் அதே விற்பனையாளர் 'இன்னொரு' ரிச்சர்டு டெனியரை ஏலத்துக்கு வைத்தார். 'ரெக்ஸ்' என்ற சொல்லை ஒட்டி என் காசில் இருக்கும் அதே கீறல், அதே இடத்தில், அதே வளைவோடு அதிலும் இருந்தது! சம்மட்டியால் ஒவ்வொன்றாக அடித்த காசுகளில் தகடு ஒன்றுபோல் அமையாது, விளிம்பும் ஒன்றுபோல் வெடிக்காது. இரண்டின் உருவரையும் தேய்மானமும் கீறலும் அச்சு அசலாக ஒத்திருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்றுதான் பொருள். உருப்பெருக்கியில் பார்த்தபோது எழுத்துகளின் ஓரத்தில் வார்க்கும்போது குமிழி வெடித்த நுண்குழிகளும், விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இணைப்புக்கோட்டை மறைக்க அரம் போட்ட தடமும் தெளிவாகத் தெரிந்தன.

எழுதிக் கேட்டேன். "சுத்தம் செய்ததால் அப்படித் தெரிகிறது" என்பது முதல் பதில். இரண்டு காசுகளின் படங்களையும் அருகருகே வைத்து அனுப்பியதும் பதிலே நின்றுவிட்டது. இணையதளத்தாரோ, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். பிறகு, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாய்திறக்காத மனிதரிடம் எப்படிப் பேசுவது? சான்றிதழ் என்று வந்ததும் அவரே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட தாள்தான். ரூ. 18,500 அவரிடம், ஈயம்போல் மங்கிய வில்லை என்னிடம்.

விரிவாக ஆலோசனை எழுதும் மனநிலையில் இல்லை. விளிம்பின் படத்தையும் எடையையும் தராதவரிடம் வாங்காதீர்கள். அவர் முன்பு விற்ற காசுகளின் படங்களைத் தேடி ஒப்பிடுங்கள். விற்பவரே எழுதித் தரும் சான்றிதழைக் கணக்கில் எடுக்காதீர்கள். காசு கைக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.