உடம்பெல்லாம் கட்டி: கத்தியா, லேசரா, கரண்டா, சும்மா விடுவதா?

என்.எஃப்.1 உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: இந்தக் கட்டிகளை எடுக்கலாமா, எடுத்தால் எதை வைத்து? எனக்கும் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வியோடு பல வருடங்களாகப் பழக்கம். முகத்தில் கத்தி பட்டிருக்கிறது, முதுகில் லேசர் பட்டிருக்கிறது. மற்றவை டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்பது முழுப்பெயர். பிறக்கிற சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. 17-வது குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாகி, நரம்பைச் சுற்றியுள்ள செல்களின் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் புரதம் போதாமல் போய்விடுகிறது. பாதிப் பேருக்கு அப்பா அல்லது அம்மாவிடமிருந்து வந்தது; மீதிப் பாதிக்கு வம்சத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வந்தது. சின்ன வயதில் காபி நிறத் திட்டுகள், அக்குளில் பொடி மச்சங்கள். வயசுக்கு வரும்போது கட்டிகள் தலைகாட்டும், கர்ப்ப காலத்தில் கூடும். சிலருக்குப் பத்து இருபதோடு நிற்கும், சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். விரல் நுனியால் அழுத்தினால், சட்டைப் பொத்தான் அதன் ஓட்டைக்குள் நுழைவதுபோல் தோலுக்குள் போய், கையை எடுத்ததும் மேலே வரும்.

தோலின் மேலே இருக்கும் இந்தச் சின்னக் கட்டிகள் புற்றுநோயாக மாறுவதில்லை. அதனாலேயே இவற்றை எடுப்பது ‘அழகுக்காக’ என்ற கணக்கில் போய்விடுகிறது. சவரம் செய்யும்போது பிளேடு பட்டு ரத்தம் வழிகிறவனிடமும், பிளவுஸ் கைவிளிம்பு நாள் முழுக்க ஒரே கட்டியில் உரசுகிறவளிடமும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அரிப்பு தனிக்கதை: கட்டிக்குள்ளேயே அரிப்பைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் நிறைய உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது தொற்றாது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

குதிரை முடி கட்டுவது, அம்மான் பச்சரிசிப் பால் தடவுவது, சுண்ணாம்போடு சோடா உப்பு குழைத்து வைப்பது எல்லாம் மருவுக்குச் செய்கிற கை வைத்தியம். மரு வைரஸால் தோலின் மேலடுக்கில் வருவது. நம்முடையது உள்ளடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பு வைத்தால் மேல்தோல் வெந்து தழும்பாகும், கட்டி அப்படியே இருக்கும்.

எதை எடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு விஷயம், இதில் நான் பிடிவாதக்காரன். ரத்த அழுத்தம் பார்க்காமல் ஊசியை எடுக்கும் இடத்தில் உட்காராதீர்கள். ஒரு தோல் கிளினிக்கில் எனக்கு நேராக மரப்பு ஊசியோடு வந்தார்கள், பி.பி. கருவி அந்த அறையிலேயே இல்லை. என்.எஃப்.1 இருப்பவர்களில் நூற்றில் சிலருக்கு அட்ரீனல் சுரப்பியில் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி வரும். அது அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே பி.பி. கண்டபடி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகத் தமனி சுருங்குவதாலும் நமக்கு பி.பி. ஏறும். அதனால் பி.பி. கூடுதலாக இருந்தாலோ, திடீர் திடீரென்று தலைவலி, படபடப்பு, வியர்வை வந்தாலோ, முதலில் ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனை, பிறகுதான் மற்றது. முழு மயக்கம் என்றால் நாக்கிலும் தொண்டையிலும் கட்டி இருக்கிறதா, முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசி என்றால் தண்டுவடத்தின் அருகே கட்டி இல்லை என்பதை எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று, எந்தக் கட்டி என்பது. ஆழத்தில் கொடிபோல் படர்ந்து, தொட்டால் புழுக்கூட்டம் மாதிரி நெளியும் பிளெக்ஸிஃபார்ம் வகை வேறு ஜாதி. அதில் ரத்தக் குழாய்கள் அதிகம், குழாயின் சுவரும் பலவீனம், வெட்டினால் ரத்தம் நிற்காது. அது புற்றாகவும் மாறலாம்: திடீரென்று வளர்ந்தாலோ, இறுகினாலோ, விடாமல் வலித்தாலோ அழகுக் கிளினிக்கில் வேலை இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கீழே வரும் ஒப்பீடு தோல் கட்டிகளுக்கு மட்டும்.

கத்தி

வெட்டி எடுத்துத் தையல் போடுவது. பழைய முறைதான், ஆனால் ஒரு கட்டிக்கு ஒரு கட்டி என்று கணக்குப் பார்த்தால் இதைவிட நல்ல தழும்பு வேறு எதிலும் வராது. அடியோடு எடுத்தால் அதே இடத்தில் மறுபடி வருவது அரிது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், சந்தேகமான கட்டிக்கு அது முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் என் ஓட்டு கத்திக்குத்தான். நல்ல பிளாஸ்டிக் சர்ஜன் தோல் மடிப்பின் போக்கிலேயே கோடு போடுவார். என் இமையோரத்தில் எடுத்த இடத்தை நானே கண்ணாடியில் தேடித்தான் கண்டுபிடிக்கிறேன்.

கத்தி தோற்பது எண்ணிக்கையில். 60 கிலோ எடையுள்ளவருக்கு அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரைதான், அதாவது 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருப்பதால் மொத்தம் 21 மில்லி. கட்டிக்கு முக்கால் மில்லி போனால்கூட முப்பதைத் தொடுவதற்குள் அளவு முடிந்துவிடும். நீர்த்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். நானூறு கட்டி இருப்பவருக்கு இந்த வேகம் எதற்கும் ஆகாது. அட்ரினலின் என்றதும் மேலே சொன்ன பி.பி. விஷயம் ஞாபகம் வர வேண்டும். நெஞ்சு நடுவிலும் தோள்பட்டையிலும் தையல் தழும்பு தடித்துப் போகும் வாய்ப்பு யாருக்குமே அதிகம், அங்கே கத்தி எனக்குப் பிடிக்கவில்லை.

லேசர்

நம் ஊரில் ‘லேசர்’ என்று சொன்னாலே வலியில்லை, தழும்பில்லை என்று ஒரு நினைப்பு. இந்தக் கட்டிகளுக்குப் பயன்படுத்துவது கார்பன் டை ஆக்சைடு லேசர். சதையில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறது, கட்டி இருந்த இடத்தில் சின்னக் குழி. தையல் கிடையாது, குழி தானாக ஆற வேண்டும். மூன்று முதல் ஆறு வாரம் வரை கசிவு, பொருக்கு, களிம்பு, காற்றாடும் பருத்தித் துணி. வெயில் காலத்தில் முதுகில் இதைச் செய்துகொண்டு மல்லாக்கப் படுக்க முடியாது என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதன் பலம் எண்ணிக்கை: முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். பலவீனம் நிறம். ஆறிய இடம் தட்டையாக, லேசாகக் குழிந்து, சுற்றியுள்ள தோலைவிட வெளிறி நிற்கும். மாநிற, கறுப்புத் தோலில் அந்த வெளுப்பு எடுப்பாகத் தெரியும், சிலருக்கு நேர்மாறாகக் கறுத்துப்போகும். விளம்பரப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல், அதை வைத்து நம் முதுகு எப்படி வரும் என்று கணிக்கவே முடியாது. என் முதுகில் இப்போது கட்டிக்குப் பதில் புள்ளிகள். சட்டைக்குள் உரசுவதில்லை, எனக்கு அது போதும். இதையே கன்னத்தில் செய்திருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன்.

அடுத்து, மேலோட்டமாக எரித்தால் அடிப்பகுதி உள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். பிளேடால் சீவி எடுக்கிற முறைக்கும் இதே வியாதி. காபி நிறத் திட்டுகளையும் லேசரில் போக்கித் தருகிறேன் என்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அவை மங்கினாலும் திரும்ப வருவது சகஜம், சில சமயம் இன்னும் அடர்த்தியாக.

கரண்ட்

காட்டரி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஊசி முனையைக் கட்டிக்குள் இறக்கி, மின்சாரத்தால் சதையை உலர்த்திச் சுருக்குவது. எண்ணிக்கையில் லேசருக்கு இணை. முழு மயக்கத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செய்யலாம், கருவியும் விலை குறைவு. ஆறுவதும் லேசர் போலத்தான், நிற மாற்றமும் அப்படியே. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளுக்கு இது சரி. பெரிதாக நீட்டிக்கொண்டிருப்பதைக் கருக்கினால் அகலமான பள்ளம்தான் மிஞ்சும், அவற்றைக் கத்திக்கு விட்டுவிடுவதே மேல்.

லேசரா கரண்டா என்றால் கருவியைவிடக் கை முக்கியம் என்பேன். என்.எஃப்.1 நோயாளிகளுக்கு ஏற்கெனவே செய்து பழகியவர் சாதாரணக் காட்டரியில் கொண்டுவருவதை, மருவும் மச்சமும் மட்டும் எடுத்துப் பழகியவர் விலையுயர்ந்த லேசரிலும் கொண்டுவர முடியாது.

சும்மா விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். எந்த முறையில் எடுத்தாலும் மரபணு மாறப்போவதில்லை, வேறு இடத்தில் புதிது வரும். எடுத்ததால் பரவுகிறது என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அவை எப்படியும் வரவேண்டியவை.

மாத்திரைக்காகக் காத்திருக்கலாமா? செலுமெட்டினிப் 2020-லும் மிர்டாமெட்டினிப் 2025-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டுமே அறுவை செய்ய முடியாத பிளெக்ஸிஃபார்ம் கட்டிகளுக்கு. தோல் கட்டிக்காக அவற்றை விழுங்கி, பக்கவிளைவாக முகப்பரு மாதிரி தடிப்பை வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. தோலில் பூசும் மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. இருபது வயதில் பத்துக் கட்டியோடு இருப்பவர் பொறுத்துப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டி, அரிப்பில் தூக்கம் கெடுகிறவரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மார்பில் தட்டுப்படுவதை எல்லாம் ‘வழக்கமான கட்டி’ என்று விட்டுவிடாதீர்கள். என்.எஃப்.1 உள்ள பெண்களுக்கு ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடுதல், 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மேமோகிராம் செய்யச் சொல்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்னாடி

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குவதே இங்கேதான். தேதி குறித்த பிறகு லேசருக்கு ஓடினால் முகூர்த்தத்தன்று பொருக்கோடு நிற்க வேண்டிவரும். தழும்பு அடங்கி நிறம் ஒரு நிலைக்கு வர ஒரு வருடம்கூட ஆகும். கர்ப்பத்தில் புதிதாகக் கட்டிகள் வரும் என்பதால், உடனே குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் முகத்தை மட்டும் இப்போது பார்த்துக்கொண்டு மற்றதைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். கட்டியை எடுத்துவிட்டு விஷயத்தையே மறைப்பது வேறு. ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீதம் வாய்ப்பு உண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை கிடைக்கிறது, இருவருமாகப் போய் உட்காருங்கள்.

வேறு மரபணுக் குறைபாடு உள்ளவர்கள் என் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலையும் மூட்டையும் தளர்த்திவிடும் ஏலர்ஸ்-டான்லோஸ் இருந்தால் தையல் பிடிக்காமல் தழும்பு காகிதம் மாதிரி விரியும், அங்கே கத்திதான் கடைசி. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா குடும்பத்தில் ரத்தவியல் டாக்டர் இல்லாமல் மூக்குத் திருத்தப் பேச்சே கூடாது. ஆரிய வைசியக் குடும்பங்களில் அதிகம் காணப்படும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாட்டில், சில நிமிடங்களில் தெளிய வேண்டிய ஒரு தசைத் தளர்வு மருந்து மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துவிடும்.

பில் விஷயம்

அழகு அறுவை என்றால் இன்சூரன்ஸ் கிடையாது. உடனடி உடல்நல ஆபத்தை நீக்க அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் மட்டும் கதவு கொஞ்சம் திறக்கும். மரபணு நோய் என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதையொட்டி இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் சுற்றறிக்கையும் வந்தன, ஆனால் அழகு அறுவை விலக்கு தனியாக அப்படியே நிற்கிறது. பல பாலிசிகளில் வெளியே தெரியும் பிறவிக் குறைகளுக்கும் விலக்கு உண்டு. ஜி.எஸ்.டி.யில் கதை தலைகீழ்: அழகு அறுவைக்கு வரி உண்டு, பிறவிக் குறையையோ வளர்ச்சிக் கோளாறையோ சரிசெய்யும் அறுவைக்கு விலக்கு. ஆக டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காஸ்மெடிக்’ என்று ஒற்றை வார்த்தை எழுதாமல், நோயின் பெயர், ரத்தக் கசிவு, அரிப்பு, உரசல் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கைக்காசு இல்லாதவர்கள் சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டலாம். வரிசை நீளம், ஆனால் மயக்க மருந்து டாக்டரும் ஐ.சி.யு.வும் அதே வளாகத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நூறையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். முதுகின் கீழ்ப்பகுதியில், துணி மறைக்கும் இடத்தில், ஒரே அளவுள்ள கட்டிகளாகப் பார்த்து இரண்டைக் கத்தியிலும் இரண்டை லேசரிலும் இரண்டைக் கரண்டிலும் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் இல்லையென்றால் இருக்கிற இரண்டில். எது எதில் எடுத்தது என்று டாக்டரையே ஒரு படம் வரைந்து கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லி, ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அதன் பிறகு கைக்கும் நெஞ்சுக்கும் எது என்று பேசலாம்.