ரீபில்ட் பண்ண டபிள்யூஆர்எக்ஸ் என்ஜின்: 14 மாசம் ஓட்டுன அனுபவம்

என்னோடது 2005 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், இஜே205 டர்போ என்ஜின். சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்க வேண்டிய உரிமமான சிஓஇய ரினியூ பண்ணி ஓட்டுறேன், ரோட் டாக்ஸ் மேல 50 சதவீதம் கூடுதல், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன், எல்லாம் தெரிஞ்சும் விட மனசு வரல, சிலிண்டருங்க ரெண்டு பக்கமும் படுத்திருக்குற அந்த பாக்ஸர் என்ஜின் சத்தம் அப்படி. உள்ள பேரிங் தட்ட ஆரம்பிச்சதும் என்ஜின இறக்கி, பிரிச்சு திரும்பப் பூட்டி ரீபில்ட் பண்ண ஒரு ஒர்க்ஷாப்ல குடுத்தேன்.

வண்டி கைக்கு வந்த அன்னைக்கே சரியில்ல. சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் நடுங்குது, பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஏறி மிதிச்சா டர்போ பூஸ்ட் லேட்டாதான் எழும்புது, ரெண்டே நாள்ல செக் என்ஜின் லைட் வேற, கோட் பி0302, பி0304, அதாவது ரெண்டாவது, நாலாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியா எரியல. ஒர்க்ஷாப்ல கேட்டா "ரன்-இன் முடியட்டும் பிரதர், 1000 கிலோமீட்டர் ஓடுனா சரியாயிடும்"னாங்க. அப்புறம் பிளக் மாத்துனாங்க, ஓ2 சென்சார் மாத்துனாங்க, மூணு மாசம் இப்படியே போச்சு. ரன்-இன்ல ரிங்தான் செட் ஆகும், மிஸ்ஃபயர் போகாது.

கடைசில ஈசூன்ல இருக்க ஒரு அண்ணன்கிட்ட போனேன், பல வருஷம் மெக்கானிக்கா இருந்தவரு. கோப்பிக்கடைல உக்காந்து நான் மூச்சுவிடாம எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ரெண்டும் நாலும் எந்தப் பக்கம் தம்பி?" ரெண்டுமே இடது பக்கம்! கோட் பாத்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

முதல்ல பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில்கள இடம் மாத்திப் போட்டுப் பாத்தோம், மிஸ்ஃபயர் காயில் கூட நகரல, அதே சிலிண்டர்லயே இருந்துச்சு. அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு பாக்குறது. என்ஜின் சூடா இருக்கணும், பியூல் பம்ப் ஃபியூஸ் எடுத்துடணும், த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும், இல்லன்னா ரீடிங்க நம்ப முடியாது. ஒண்ணு, மூணு 145 பிஎஸ்ஐ. ரெண்டு, நாலு 120. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, வால்வு வளைஞ்சிருச்சோன்னு, ஏன்னா இந்த என்ஜின்ல டைமிங், அதாவது வால்வு திறந்து மூடுற நேரம், ரொம்பத் தப்புனா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். சிலிண்டருக்குள்ள காத்தடிச்சு கசிவு பாக்குற லீக்-டவுன் டெஸ்ட்ல நாலு சிலிண்டரும் 10 சதவீதத்துக்குள்ளதான் இருந்துச்சு. அதாவது காத்து எங்கயும் பெருசா கசியல, வால்வு மூடுற நேரம்தான் தப்பு.

டைமிங் பெல்ட் கவர கழட்டுனா இடது இன்டேக் கேம், அதாவது காத்து உள்ள வர்ற வால்வ திறக்குற தண்டு, பெல்ட்ல ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கு. இடது பக்க கேம் ரெண்டும் வால்வு ஸ்பிரிங் அழுத்தத்துலயே நிக்கும், பெல்ட் மாட்டும்போது கை விட்டா டக்குனு சுத்திடும். இன்னொரு விஷயம், கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற மெயின் தண்டு) ஸ்ப்ராக்கெட்ல இருக்க அம்புக்குறிய வச்சு டைமிங் பாக்கக்கூடாது, பின்னாடி பல்லுல இருக்க சின்னக் கோடுதான் கணக்கு. பெல்ட் போட்டதும் கிராங்க கையால ரெண்டு சுத்து சுத்தி மார்க்க திரும்பப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அஞ்சு நிமிஷ வேலை.

சரி பண்ணப்புறம் நாலும் 143லேர்ந்து 146க்குள்ள. அதோட ஐடில்ல ஃபியூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டிக் குறைக்கிற அளவு, கூடுதலா இருந்துச்சு, ஆர்பிஎம் ஏத்துனா இறங்குச்சு, புகைய அடிச்சு கசிவு தேடுற ஸ்மோக் டெஸ்ட்ல இன்டேக் ஹோஸ் கிளாம்ப் ஒண்ணு லூஸ்னு தெரிஞ்சு அதையும் இறுக்கியாச்சு.

இப்ப 14 மாசம், 16,000 கிலோமீட்டர் ஆச்சு. 98 ஆக்டேன் பெட்ரோல்தான், ஆயில் 5000க்கு ஒரு தடவை மாத்துறேன், நடுவுல டாப்-அப் தேவைப்படல. வலது கேம் கவர் ஓரத்துல மட்டும் லேசா ஆயில் ஈரம் தெரியுது, அடுத்த சர்வீஸ்ல காஸ்கெட் மாத்தச் சொல்லியிருக்கேன்.