பேக்கேஜ் போனா, ரொக்கப் போனா? தோட்டப் பட்டணத்துக்கு எது தோது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் ஸ்மார்ட்போன் வாங்க இரண்டு வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கடையில் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் கொடுத்து, 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் முன்பணத்தோடு போனை எடுத்து வரலாம்; இதுதான் பேக்கேஜ். இல்லையென்றால் அதே வரிசையில் இருக்கும் போன் கடையில் முழு விலையையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிரிபெய்ட் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன்பும் பள்ளி திறக்கும் நேரத்திலும் இதைக் கேட்டு வருகிறவர்கள் பலருக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்கிறேன். காரணம் விலையில் மட்டும் இல்லை. போனுக்கு யார் பணம் கொடுக்கிறார்களோ, அவர்களுக்காகத்தான் போன் செய்யப்படுகிறது. ஸ்மார்ட்போனின் வரலாறு முழுக்க இதைப் பார்க்கலாம்.

ஒப்பந்த வழி வேரூன்றிய நாடு அமெரிக்கா. 2007க்கு முன் அங்கே பெரும்பாலான போன்களை விற்றவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்கள். அதனால் போனுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். மேலே அவர்களின் சின்னம், உள்ளே அவர்களின் பாட்டுக் கடை, சில போன்களில் புளூடூத்தின் பாதி வசதிகள் முடக்கம். இந்த வழக்கத்தை உடைத்தது ஆப்பிள். ஐபோனை ஏ.டி.அண்ட்.டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தது. பதிலுக்கு போனின் உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது என்ற உரிமையை வாங்கிக்கொண்டது. 2007 ஜூன் 29இல் விற்பனைக்கு வந்தபோது 8 ஜிபி ஐபோன் 599 டாலர், அதற்கு மேல் இரண்டு வருட ஒப்பந்தம். செப்டம்பரிலேயே விலையை 399 ஆக இறக்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் வந்த ஐபோன் 3ஜி 199 டாலர்தான். மீதி விலையை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, மாதச் சந்தாவில் வசூலித்தது. போன் மலிவாகிவிட்டது என்று மக்கள் நம்பினார்கள். ஆனால் விலை எங்கேயும் போகவில்லை, பில்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐபோன் கிடைக்காத போட்டி நிறுவனமான வெரிசோன் சும்மா இருக்கவில்லை. 2009 நவம்பரில் மோட்டரோலா டிராய்ட் என்ற ஆண்ட்ராய்டு போனைப் பெரும் விளம்பரத்தோடு இறக்கியது. அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த ஆண்ட்ராய்டு அமெரிக்காவில் காலூன்றியது அதற்குப் பிறகுதான். ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த தனி விற்பனை உரிமை, போட்டி நிறுவனத்தை எதிர் முகாமுக்குத் தள்ளி, அந்த முகாமையும் வளர்த்துவிட்டது. 2011 பிப்ரவரியில் வெரிசோனும் ஐபோன் விற்கத் தொடங்கியபோது ஆண்ட்ராய்டை யாரும் அசைக்க முடியாத நிலை வந்துவிட்டது.

ஒப்பந்த வழியின் கேட்டைக் காண 2010இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் போதும். ஒரே போன், அமெரிக்காவில் நான்கு நிறுவனங்களுக்கு நான்கு பெயர்: கேப்டிவேட், வைப்ரன்ட், ஃபேசினேட், எபிக் 4ஜி. உடலமைப்பிலும் மாற்றம், உள்ளே ஒவ்வொரு நிறுவனமும் திணித்த செயலிகள் வேறு. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் சோதித்து அனுமதிக்கும்வரை வாங்கியவர் காத்திருக்க வேண்டும். அந்தப் போன் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மலேசியாவில் கதை வேறு. 2009 மார்ச்சில் மேக்சிஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஐபோன் 3ஜியைப் பேக்கேஜில் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் தோட்டத்துப் பக்கம் அப்போது நோக்கியாவும் சிஎஸ்எல் புளூபெரி என்ற மலிவுப் போனும்தான் அதிகம் கண்ணில் படும். மலேசியர்களில் பெரும்பாலோர் பிரிபெய்ட்காரர்கள். பிரிபெய்ட்காரருக்கு நிறுவனங்கள் வழக்கமாகப் போன் விலையில் பங்கு தருவதில்லை. முழு விலையும் அவர் கைக்காசு. அதனால் இந்தச் சந்தைக்குப் போன் செய்கிறவர் அவருடைய தேவையைக் கேட்டே ஆக வேண்டும். அவர் கேட்டது இரண்டு சிம், பெரிய பேட்டரி, மெமரி கார்டு போட இடம். மீடியாடெக் சிப்பும் சீனத் தொழிற்சாலைகளும் அதைக் குறைந்த விலையில் செய்து கொடுத்தன. 2014இல் ஷாவ்மி மலேசியாவுக்கு வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. ஒப்பந்த நாடுகளில் இரண்டாவது சிம்முக்கு இடம் கொடுக்க நிறுவனங்களுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை, அது போட்டியாளருக்குத் திறந்துவிடும் கதவு. ஐபோனில் இரண்டு எண் வசதி வந்ததே 2018இல்தான்.

இரண்டு சிம் தோட்டத்தில் வசதிக்காக இல்லை, அவசியத்துக்காக. செம்பனைக் காட்டுக்குள் லைன் பிடிப்பது அலைவரிசையைப் பொறுத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், மரங்களையும் ஓரளவு தாண்டும். 1800 அந்த அளவுக்கு எட்டாது. 900இல் பெரும்பங்கு நெடுங்காலம் செல்காமிடமும் மேக்சிஸிடமும்தான் இருந்தது. 2016இல் அரசு மறுபங்கீடு செய்தபோதுதான் மற்ற இரு நிறுவனங்களில் டிஜிக்குக் கூடுதல் இடமும் யு மொபைலுக்குப் புதிதாக இடமும் அதில் கிடைத்தது. காட்டுக்குள் லைன் பிடிக்க ஒரு சிம், வெளியே இன்னொரு சிம் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. காலைப் பெரட்டு (வேலைக்கு முன் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து நிற்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்: முதல் சிம்மில் வருடக்கணக்காக வைத்திருக்கும் செல்காமின் 019 எண், பேசுவதற்கு. இரண்டாவதில் டேட்டா மலிவாகக் கிடைக்கும் வேறொரு சிம், பட்டணத்திலும் வீட்டிலும் பிள்ளைகள் பார்ப்பதற்கு. போன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், பை கைலிக்குள். பேக்கேஜ் எடுத்தால் இந்த இரட்டை ஏற்பாட்டில் பாதிக்கு 24 மாதம் விலங்கு.

இனி பணக்கணக்கு. 1,200 வெள்ளி (ரிங்கிட்) போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜில் முன்பணம் 300, மாதம் 98, 24 மாதம்: ஆக 2,652 வெள்ளி. ரொக்கத்தில் போன் 1,200, மாதம் 35 வெள்ளிக்கு பிரிபெய்ட்: ஆக 2,040. வித்தியாசம் 612 வெள்ளி. கடைக்கு வரும் ஓர் அக்கா கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, மாசம் எவ்வளவு கட்டணும்?" மொத்தம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி இருக்கும் வீட்டில் 612 சின்னத் தொகை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், மழை மாதம். ரப்பர் பால்வெட்டு நின்றால் கைக்கு வருவது குறையும், பில் குறையாது. பிரிபெய்ட்டில் அந்த மாதம் ஐந்து வெள்ளி டாப் அப் செய்து ஓட்டிவிடலாம்.

ரொக்க வழியிலும் குறை உண்டு. 1,200ஐ ஒரே நாளில் எடுத்து வைப்பது எல்லோராலும் ஆகாது. அப்போது கடைத் தவணையில் விழுந்து வட்டி கட்டினால் மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும். மலிவு என்று ஏபி செட் (அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதிப் போன்) வாங்கினால் உள்ளூர் உத்தரவாதம் இல்லை. டாப் அப் செய்ய மறந்தால் பழைய எண்ணே போய்விடும். வங்கியும் பள்ளியும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு அளவில்லா டேட்டா உள்ள மாதச் சந்தா பெரிய உதவியாக இருந்ததையும் மறுக்க முடியாது.

அதனால் மாதச் சம்பளம் தவறாமல் வங்கியில் விழுகிறவர், வேலைக்கே நிறைய டேட்டா செலவழிக்கிறவர், எப்படியும் விலை உயர்ந்த போன் வாங்கப் போகிறவர், இவர்களுக்கு பேக்கேஜ் சரி. மேக்சிஸின் சீரோலூஷன் போல வட்டியில்லாத் தவணைத் திட்டங்கள் பின்னால் வந்ததும் நல்ல மாற்றம்தான். அவற்றில் போன் விலை தனியே, சந்தா தனியே தெரியும். அமெரிக்காவில் 2013இல் டி-மொபைல் இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கைவிட்டபோது அங்கும் இதேதான் நடந்தது. விலை கண்ணுக்குத் தெரிந்ததும் மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: இரண்டு சிம் போடக்கூடிய, சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) சான்றுள்ள, 5ஜி இல்லாவிட்டாலும் 900 மெகாஹெர்ட்ஸில் 4ஜி எடுக்கக்கூடிய போன். 3ஜி 2021 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதை மட்டும் நம்பும் பழைய போனை யார் சும்மா கொடுத்தாலும் டேட்டாவுக்கு உதவாது. வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மைக் கடன் வாங்கி, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஒரு தடவை, வேலை செய்யும் இடத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்படியும் பேக்கேஜ்தான் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கேட்டு, அதை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.