வெள்ளவத்தை ஓவிய முகாம்: டிசம்பருக்குக் காசு கட்டப்போகும் பெற்றோர் கவனத்துக்கு

ஆகஸ்ட் விடுமுறையில் மகளை ஓவிய முகாம் ஒன்றுக்கு அனுப்பினோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் நடந்தது. நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் அடிப்படையிலிருந்து பழக்குவோம், பொருட்களும் நாங்களே தருவோம் என்று 18,500 ரூபா வாங்கினார்கள். அதில் 7,000 ரூபா பொருட்களுக்கு என்று பற்றுச்சீட்டிலேயே இருக்கிறது.

முதலில் நீர்வர்ணம். மகள் கொண்டுவந்த படத்தில் வானம் திட்டுத்திட்டாக இருந்தது. தாள் நெளிந்து, விரலால் தடவினால் திரிதிரியாக உரிந்து வந்தது. "பிள்ளைக்குக் கை பாரம், தண்ணியை அள்ளி ஊத்துறா" என்றார் மிஸ். கொடுத்திருந்ததோ பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பித் தாள்! நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த தாள் கேட்பது பகட்டுக்கு இல்லை. ஈரம் காயுமுன் ஒரு நிறத்துக்குள் இன்னொன்றை ஓடவிட வேண்டும், அதற்குத் தாள் தண்ணீரைத் தாங்க வேண்டும். மெல்லிய தாளில் தண்ணீர் தேங்கி நிற்கும், இரண்டாம் முறை பிரஷ் பட்டதும் மேற்பரப்பு கிளம்பிவிடும். யார் கீறினாலும் அப்படித்தான். பத்து வயதுப் பிள்ளை "எனக்கு வராதும்மா" என்று அழுததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காசு பிறகு.

அடுத்தது அக்ரிலிக். சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார்களாம், போத்தலை யாரும் கண்ணால் காணவில்லை. அந்தக் கன்வஸை ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் படம் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். பெருவிரலை நாக்கில் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தார். விரல் நீலமாகிவிட்டது. அக்ரிலிக் காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகிவிடும், தண்ணீருக்கு அசையாது. இது போஸ்டர் கலர். நீங்களும் இப்படித் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் தண்ணீரால் தேயுங்கள், நாக்கு வேண்டாம்.

பழக்கியதும் அந்த அளவுதான். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது வர்ணம் படாமல் விட்ட தாள், அதனால் வெளிர் நிறத்தில்தான் தொடங்க வேண்டும். அக்ரிலிக்கில் கடும் நிறத்தின் மேலும் வெளிர் நிறம் வைக்கலாம். இந்த வித்தியாசத்தைக்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசி நாள் கண்காட்சி. கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். சேர் ஒரு அகலப் பிரஷோடு மேசை மேசையாகப் போய், எல்லாப் பிள்ளைகளின் படத்திலும் அதே செம்மஞ்சள் அந்திவானத்தை இழுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "பேரன்ட்ஸ் வரேக்க வடிவா இருக்கோணும் தானே அக்கா" என்று ஒரு சிரிப்பு.

பொருட்காசையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். ஏலாதாம், டிசம்பர் முகாமுக்குக் கழிவு தருவார்களாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அவர்களின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் 'அக்ரிலிக்' என்று எழுதி வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்கள் எங்கே சேர்த்தாலும் அப்படி எழுதி வாங்குங்கள். தாள் கட்டின் அட்டையையும் வர்ணப் போத்தலையும் காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் பாதி கீறி வைத்திருக்கும் படங்களையும் கேளுங்கள்.

டிசம்பர் முகாம் விளம்பரம் இப்போது வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் 'எமது மாணவியின் கைவண்ணம்' என்று இருப்பது என் மகளின் படம்தான், எங்களைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் வள்ளம் அவள் கீறியது. வானம் சேருடையது.