திறந்தவெளி இசைவிழாவுக்கு எந்த மிக்ஸர்? யாழ்ப்பாண மேடைகளில் அனலொக்கும் டிஜிட்டலும்

யாழ்ப்பாணத்துத் திருவிழா மேடையொன்றில் ஒரே இரவில் ஏறும் கலைகள் ஒலியளவில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்பவை. மாலையில் நாதஸ்வர தவில் கச்சேரி, அதன்பின் வில்லிசை, இடையில் ஒரு சொற்பொழிவு அல்லது பட்டிமன்றம், இரவு முற்றியபின் ஒக்டபாட், கீபோர்ட், பேஸ் கிற்றார் சகிதம் இசைக்குழு என்று நிகழ்ச்சி நீளும். 2011இல் முதன்முதலாக நடந்த யாழ்ப்பாண இசை விழாவைப் போன்ற பெருவிழாக்களில் நாட்டார் கலைக் குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் அடுத்தடுத்து மேடையேறுவதால் இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. இத்தனையையும் ஒரே மிக்ஸரில் (பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) ஏற்றி இறக்க வேண்டிய ஒலியமைப்பாளர் அனலொக் மிக்ஸரோடு இருப்பதா, டிஜிட்டலுக்கு மாறுவதா என்ற கேள்வி விலையை மட்டும் பார்த்து விடை சொல்லக்கூடியதாக இல்லை. பல குழுக்கள் ஏறும் மேடைக்கு டிஜிட்டலே ஏற்றது என்பது என் முடிவு. ஆனால் இரு பக்கமும் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி பொருந்தாதவை என்றும், அனலொக்கைக் கைவிடக் கூடாத இடங்கள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன என்றும் கருதுகிறேன்.

அனலொக் மிக்ஸரில் மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் கடைசிவரை மின்னழுத்தமாகவே பயணிக்கிறது. ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் அதற்கென்றே ஒரு மின்சுற்று இருக்கிறது. டிஜிட்டலில் அந்த அழுத்தம் உள்ளே நுழைந்தவுடன் எண்களாக மாற்றப்பட்டு, எல்லா வேலைகளும் கணக்கீடாக நடந்து, வெளியேறும்போது மீண்டும் மின்னழுத்தமாகிறது. மிடாஸ் எக்ஸ்.எல்.4 போன்ற பெரிய அனலொக் மிக்ஸர்கள் 200 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டவை. அவை நம்மவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததில்லை. யமஹா 2005இல் கொண்டுவந்த எம்7சி.எல். என்ற டிஜிட்டல் மிக்ஸர் தொடுதிரையை நேரடி நிகழ்ச்சிக்குப் பழக்கியது. 2012இல் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 சந்தைக்கு வந்தபின்னர்தான் முப்பத்திரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட டிஜிட்டல் மிக்ஸர் சிறிய சவுண்ட் சேர்விஸ்காரர்களும் எண்ணிப் பார்க்கக்கூடிய விலைக்கு இறங்கியது.

டிஜிட்டலின் மிகப் பெரிய பலன் ஒரு குழு இறங்கி மற்றொன்று ஏறும் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும். அனலொக் மிக்ஸரில் நாதஸ்வரக் கச்சேரிக்காக வைத்த கெயின் (மைக் ஒலியை உள்ளே ஏற்றும் அளவு), ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் சமநிலை), மொனிட்டர் (கலைஞர் தம் ஒலியைக் கேட்கும் மேடை ஸ்பீக்கர்) அளவுகள் அனைத்தையும் வில்லிசைக்காரர் வந்து அமர்வதற்குள் கையால் திருப்ப வேண்டும். மிக்ஸரின் விளிம்பில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் தவிலின் இரு முகங்களுக்கு ‘வலந்தலை’, ‘தொப்பி’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘உடுக்கு’, ‘குடம்’, ‘பக்கப்பாட்டு’ என்று புதிதாக எழுதி ஒட்ட வேண்டும். அதற்குள் விழாக் குழுவினர் ஒருவர் அறிவித்தல் மைக்கைக் கேட்டு நிற்பார். மாலை ஒலிச்சோதனையில் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பு இரவு பதினொரு மணிக்கு இசைக்குழு ஏறும்போது எங்கும் இருக்காது. குறிப்புப் புத்தகத்தில் எழுதியோ கைப்பேசியில் படம் எடுத்தோ வைத்திருந்தாலும், இருபத்துநான்கு சனல்களை (ஒவ்வொரு மைக்குக்குமான தனி வரிசை) அதைப் பார்த்துத் திருப்ப நேரம் போதாது. முதற்பாட்டு ஒலிச்சோதனையாகக் கழிவது இதனால்தான். டிஜிட்டல் மிக்ஸரில் ஒவ்வொரு குழுவுக்குமான அமைப்பைத் தனித்தனி ஸீனாகச் சேமித்து, அந்தக் குழு ஏறும்போது ஒரு பொத்தானில் அழைக்கலாம். மோட்டார் பொருத்திய ஃபேடர்கள் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்திகள்) தாமாக நகர்ந்து தம் இடத்தில் நிற்கும். பாடகர் வாய் திறந்த முதற்சொல்லே சபைக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். கலைஞருக்குச் செய்யும் மரியாதையில் இதுவும் அடங்கும் என்பதால், டிஜிட்டலுக்குச் சார்பான காரணங்களில் இதையே முதலில் வைக்கிறேன்.

இந்த வசதிக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சென்ற கிழமை வேறு மைக்குகளோடு, வேறு ஸ்பீக்கர்களோடு சேமித்த ஸீனைச் சபை நிறைந்திருக்கும்போது அழைத்தால், கெயின் திடீரென்று ஏறி மேடையே கூவிவிடும். ஸீன் அழைக்கும்போது கெயினும் பிரதான வெளியீட்டு ஃபேடரும் மாறாதபடி பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலான மிக்ஸர்களில் உண்டு. அதைப் பயன்படுத்தப் பழகாமல் ஸீன்களை நம்பக் கூடாது.

கேபிள் விடயத்தில் இரண்டு பக்கமும் சரியாக எடைபோடப்படுவதில்லை. மேடையிலிருந்து மிக்ஸர் வரை ஐம்பது மீற்றர் மல்டிகோர் (பல மைக் வயர்கள் ஒன்றாகச் சேர்ந்த தடித்த கேபிள்) போட்டால் அதைச் சுருட்டித் தூக்க இருவர் வேண்டும், பட்டா வாகனத்தில் அதற்கென்றே ஒரு மூலை வேண்டும். கோவில் வீதியெங்கும் தொங்கும் அலங்கார விளக்குகளின் வயரோடு அது நெடுந்தூரம் ஒட்டிப் போனால் இரைச்சலையும் வாங்கி வரும். டிஜிட்டலில் மேடையோரம் மைக்குகளைச் செருகும் ஒரு ஸ்டேஜ் பொக்ஸை வைத்து, அங்கேயே ஒலியை எண்ணாக்கி, ஒற்றை நெட்வேர்க் கேபிளில் அனுப்பிவிடலாம். எக்ஸ்32 பயன்படுத்தும் ஏ.ஈ.எஸ்.50 இணைப்பில் ஒரு கேபிள் நாற்பத்தெட்டுச் சனல்களைத் தாங்கும். உச்ச நீளம் 100 மீற்றர் என்று சொல்லப்பட்டாலும் அதற்குக் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் மல்டிகோரில் ஒரு சோடி அறுந்தால் ஒரு மைக் மட்டுமே போகும், அதை வேறொரு சனலுக்கு மாற்றிச் சமாளிக்கலாம். நெட்வேர்க் கேபிளின்மேல் ஒரு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஏறினால் மேடை முழுவதும் ஊமையாகிவிடும். ஆகவே இரண்டாவது கேபிளொன்றை முதலிலேயே இழுத்து, முனைகளை மூடி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது கட்டாயம். கடையில் கணினிக்கென்று விற்கும் மலிவான கேபிளையும் நம்பக் கூடாது. ஷீல்ட் (உள்ளே சுற்றிய உலோக உறை) இல்லாத கேபிளில், வறண்ட காலநிலையில் உடலிலோ உடையிலோ தேங்கும் நிலைமின் பாய்ந்தால் ஏ.ஈ.எஸ்.50 இணைப்பு ஒரு கணம் அறுந்து ஒலி வெட்டுப்படும். ஷீல்ட் உள்ளதும் இருமுனையிலும் உலோகக் கூடு கொண்டதுமான கேபிளே வேண்டும்.

இனித் தவில். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கைகளால் தமிழகம் வரை பேர் பெற்ற இந்த மண்ணின் தவிலை மிக்ஸருக்குள் ஒழுங்காக எடுப்பதில் இரண்டு வகைகளும் வேறு வேறு குணம் காட்டுகின்றன. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும்போதும் தொப்பியில் கழி விழும்போதும் எழும் ஒலியின் முனை, மிக்ஸரின் ஒலியளவு மீட்டர் காட்டும் சராசரியைவிடப் பன்மடங்கு உயரமானது. மைக்கை நெருக்கமாக வைத்தால் சாதாரணமாக வாசிக்கும்போது பச்சை விளக்கே எரியும், தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் ஒரே பாய்ச்சலில் சிவப்புக்கு ஏறும். நல்ல அனலொக் மிக்ஸரில் வழக்கமான அளவுக்கு மேல் ஏறத்தாழ 20 டெசிபெல் இடம் இருக்கும். அதைச் சற்றுத் தாண்டினாலும் ஒலி கரடுமுரடாகுமே தவிர உடனே முறிந்துபோகாது. டிஜிட்டலில் எண்ணின் உச்சத்துக்கு மேல் எதுவும் இல்லை. தாண்டிய கணமே ஒலி தட்டையாக வெட்டப்பட்டு, தவிலின் நாதம் தகரச் சத்தமாகிவிடும். அனலொக்கில் பழகியவர்கள் இரைச்சலுக்கு அஞ்சிக் கெயினை இயன்றவரை ஏற்றும் பழக்கத்தோடு டிஜிட்டலுக்கு வருவதால்தான் ‘டிஜிட்டலில் தவில் நன்றாக இல்லை’ என்ற பேச்சு எழுகிறது. ஒலியை எண்ணாக்கும் 24 பிட் மாற்றியில் கெயினைக் குறைத்து வைப்பதால் கேட்கக்கூடிய இரைச்சல் எதுவும் வந்துவிடாது. சராசரி ஒலி மீட்டரில், உச்சமான பூச்சியத்துக்குக் கீழே மைனஸ் 18 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்தால் தனி ஆவர்த்தனத்துக்கும் இடமிருக்கும்.

அனலொக்கின் ஒலி இதமானது, டிஜிட்டலின் ஒலி வறண்டது என்ற வாதத்தைத் திறந்தவெளியைப் பொறுத்தவரை நான் ஏற்கவில்லை. அமைதியான ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த வேறுபாட்டைக் காது பிடிக்கலாம். சோளகக் காற்று பந்தலை அசைத்துக்கொண்டிருக்க, பின்னால் ஜெனரேட்டர் உறும, கடலைக்காரரின் மணியும் சிறுவர்களின் ஊதுகுழலும் சூழ்ந்திருக்கும் வீதியில், ஸ்பீக்கரின் தரமும் அது வைக்கப்பட்ட இடமும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. டிஜிட்டல் கணக்கீட்டால் ஏற்படும் தாமதமும் அவ்வாறே பெரிதுபடுத்தப்படுகிறது. இரண்டு மில்லி செக்கன் தாமதம் என்பது பாடகர் மொனிட்டரிலிருந்து எழுபது சென்ரிமீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமன்.

தாமதம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறொன்று. கூட்டம் வீதி நீளத்துக்கு நிற்கும்போது இடையில் மேலதிக ஸ்பீக்கர்கள் கட்டுகிறோம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். மேடையிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கருக்கு ஒலி கம்பிவழியாக உடனே போய்விட, மேடையின் ஒலி காற்றுவழியாக ஏறத்தாழ 143 மில்லி செக்கன் பிந்தி வரும். அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். நம் ஊர் விழாக்களில் பேச்சு விளங்காமல் போவதற்கு ஒலியளவைவிட இதுவே பெரும் காரணம். டிஜிட்டலில் அந்த வெளியீட்டுக்கு மட்டும் தாமதத்தை எண்ணாக இட்டால் போதும். அனலொக்கில் அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும்.

நேரலையும் இப்போது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து ஊர்க் கோவில் திருவிழாவைப் பார்ப்பவர்கள் விழாச் செலவில் பங்கெடுப்பவர்களும்கூட. மேடைக்கு முன்னால் நிற்பவருக்கு நாதஸ்வரத்தை மிக்ஸரில் ஏற்றவே தேவையில்லை, அது தானாகவே கேட்கும். பிரதான வெளியீட்டை அப்படியே நேரலைக்குக் கொடுத்தால் வெளிநாட்டிலுள்ளவருக்கு நாதஸ்வரம் தூரத்தில் ஒலிப்பது போலவும் சுருதிப்பெட்டி காதோரம் இரைவது போலவும் இருக்கும். ஆறு ஓக்ஸ் (தனிக் கலவை வெளியீடு) கொண்ட அனலொக் மிக்ஸரில் நான்கு மொனிட்டருக்கும் ஒன்று எதிரொலிக் கருவிக்கும் போனபின் மிஞ்சும் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். பதினாறு பஸ் (ஓக்ஸ் போன்ற கலவை வழி) கொண்ட டிஜிட்டலில் நேரலைக்கென்றே முழுமையான தனிக் கலவையை, அதற்கான கொம்பிரசரோடு (ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஒடுக்குவது) செய்யலாம், ஒவ்வொரு சனலையும் கணினியில் தனித்தனியாகப் பதியவும் செய்யலாம். முதிய கலைஞர்களின் வாசிப்பு இப்படிப் பதிவாகி மிஞ்சுவது எவ்வளவு பெரிய கொடை என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

மின்சாரத்தில் அனலொக் ஒருபடி மேலே நிற்கிறது. ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு கணம் மின் போனால் அனலொக் மிக்ஸர் ஒரு ‘தொம்’ சத்தத்தோடு உடனே திரும்பிவிடும். டிஜிட்டல் மிக்ஸர் மீண்டும் தன்னை ஏற்றிக்கொள்ளும்வரை மேடை மௌனமாக இருக்கும். எக்ஸ்32 எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 120 வாட்தான் என்பதால் கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றே அந்த இடைவெளியைக் கடத்திவிடும். ஸ்டேஜ் பொக்ஸுக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

வெயிலிலும் மணலிலும் இரண்டுமே பாடுபடும். பிற்பகல் மூன்று மணி ஒலிச்சோதனையில் தொடுதிரையில் எதுவும் தெரியாது, நிழல் கட்டியே ஆக வேண்டும். வல்லிபுரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் ஃபேடருக்குள் போகும் மணல் மோட்டாரையும் சேர்த்துக் கெடுக்கும். டெப்லெட்டைக் கையில் எடுத்துக் கூட்டத்தின் நடுவே நடந்து ஒலியைத் திருத்துவது பெரும் வசதி. ஆனால் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் வந்து சேர்ந்தபின் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபை திணறும். 5 கிகாஹேட்ஸ் ரவுட்டர் ஒன்றை உயரத்தில் கட்டுவது அவசியம். ஃபேடரே இல்லாத, டெப்லெட்டால் மட்டும் இயங்கும் மிக்ஸர்களைத் திறந்தவெளிப் பெருவிழாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கை பழகுவதில் அனலொக்குக்கு நிகரில்லை. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் மேலிருந்து கீழாக ஒரு சனலைக் கற்றுக்கொண்டால் மிச்ச இருபத்துமூன்றும் அதேதான். மைக் கூவினால் எந்தக் குமிழைக் குறைப்பது என்று பார்த்தவுடனே தெரியும். டிஜிட்டலில் அதே ஃபேடர்கள் அடுக்கடுக்காகப் பல சனல்களுக்குப் பயன்படுவதால் அந்தச் சனல் இரண்டாவது அடுக்கில் மறைந்திருக்கலாம், தேடும் நான்கு செக்கன் சபைக்கு மிக நீளமானது. பெரும்பாலான மிக்ஸர்களின் சிறுதிரைகளில் தமிழ் எழுத்தும் விழுவதில்லை. ஆகவே நிறத்தால் பிரித்து, பாடுபவர்களின் சனல்களை எப்போதும் முதல் அடுக்கிலேயே வைப்பதை வழக்கமாக்க வேண்டும்.

பழுதுபார்ப்பதும் பணமும் கடைசியில் வருகின்றன, ஆனால் பலருக்கு முடிவைத் தருபவை அவையே. அனலொக் மிக்ஸரின் ஒரு சனல் போனால் நகரத்தில் பற்றாசுக் கருவியோடு வேலை செய்யத் தெரிந்தவர் ஒரு ஐசியையோ ஃபேடரையோ மாற்றித் தந்துவிடுவார். டிஜிட்டலின் பிரதான பலகை போனால் 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கு அனுப்பி, உதிரிப்பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நேரில் கண்ட நமக்கு, இறக்குமதிப் பாகத்தை நம்பியிருப்பதன் பாரம் தெரியும். எனினும் அனலொக் மிக்ஸரோடு சேர வேண்டிய கிரபிக் ஈக்யூ, கொம்பிரசர், எபெக்ட், தாமதக் கருவி, மல்டிகோர் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் மலிவாக முடிவதில்லை.

நாதஸ்வரமும் சொற்பொழிவும் மட்டுமே நடக்கும் சிறிய கோவிலுக்குப் பதினாறு சனல் அனலொக் மிக்ஸர் போதுமானது, அதை மாற்றச் சொல்லி எவரையும் வற்புறுத்தத் தேவையில்லை. மூன்று குழுக்களுக்கு மேல் ஏறும் மேடைக்கும் நேரலை கேட்கும் விழாவுக்கும் டிஜிட்டலையே எடுக்க வேண்டும். அந்த மேசையின் கீழேயும் எட்டுச் சனல் அனலொக் மிக்ஸர் ஒன்று மின் கொடுத்தபடி இருக்கட்டும். அறிவித்தல் மைக்குக்கும் ஒரு பாடகர் மைக்குக்கும் மேடையிலிருந்து தனி வயர் இழுத்து அதில் செருகி, அதன் வெளியீட்டை அம்ப்ளிபயருக்கு மாற்றும் கேபிளில் நிறநாடா சுற்றி வைத்தால், டிஜிட்டல் மிக்ஸர் நின்றுபோனாலும் ஒரு நிமிடத்துக்குள் சபையோடு பேச முடியும்.