பார்லியாமோ, பார்லனோ: அழுத்தம் எங்கே?
இத்தாலியத்தில் ‘பேசுகிறோம்’ என்பது பார்லியாமோ, ‘பேசுகிறார்கள்’ என்பது பார்லனோ. இரண்டுக்கும் மூன்றே அசைகள்: பார்-லியா-மோ, பார்-ல-னோ. முதலாவதில் தொல்லையே இல்லை. எந்த வினையானாலும் நிகழ்காலத்து ‘நாம்’ வடிவத்தில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில்தான்.

‘அவர்கள்’ வடிவம்தான் ஆளைக் கவிழ்க்கும். நம் வாய் ‘பார்லானோ’ என்று நடுவில் இழுக்கப் பார்க்கும், தப்பு. ‘நான்’ வடிவத்தில் அழுத்தம் விழுந்த அசையிலேயே இங்கும் விழும். பார்லோ என்பதில் ‘பார்’ அழுந்துகிறது, பார்லனோவிலும் அதே. ‘போன் செய்கிறேன்’ என்பதற்குத் தெலேஃபோனோ, அழுத்தம் ‘லே’யில். அப்புறம் ‘அவர்கள்’ தெ-லே-ஃபோ-ன-னோ. கடைசியிலிருந்து எண்ணினால் நான்காம் அசை! அகராதி தரும் தெலெஃபோனாரே இதைக் காட்டிக்கொடுக்காது, அங்கே அழுத்தம் ‘னா’வில். ‘நான்’ வடிவத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் என் வழி.