வெளிச்சுவரில் காப்பு ஒட்டிய வீடா? துளை போட வருபவரிடம் கவனம்

லண்டனின் பழைய செங்கல் வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் பலர் வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அந்தச் சுவரில் எதையாவது மாட்ட ஆள் கூப்பிடும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். வாசற்படியில் அம்மா பிடித்து ஏறுவதற்காக நாங்கள் பொருத்திய கைப்பிடி, ஒரு குளிர்காலம் தாண்டுவதற்குள் சுவரைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. பின்னால் தம்பி நின்று தாங்கியதால் அம்மா தப்பினார்.

சுவரில் 90 மில்லிமீட்டர் காப்பு இருக்கிறது என்று பொருத்த வந்தவரிடம் முதலிலேயே சொன்னேன். "நீள ஸ்க்ரூ போடுகிறேன் அண்ணா, யானையைக் கட்டினாலும் அசையாது" என்றார். 180 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார்.

இந்தச் சுவரில் வெளியே தெரிவது சில மில்லிமீட்டர் பூச்சுதான். அதற்குள் கண்ணாடியிழை வலை, அதன் பின்னால் தெர்மோகோல் பலகை, அதற்கும் பின்னால்தான் செங்கல். எவ்வளவு நீள ஸ்க்ரூ போட்டாலும் அதன் நுனி மட்டுமே செங்கலைக் கவ்வும். நடுப்பகுதிக்குத் தாங்கல் கிடையாது. ஆள் பிடித்துத் தொங்கும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து கொடுக்கும்.

எங்கள் வீட்டில் ஸ்க்ரூவின் நுனிகூடச் செங்கலைச் சரியாகக் கவ்வவில்லை. கழற்றிப் பார்த்தபோது ரால் பிளக்கில் (ஸ்க்ரூ இறுகுவதற்காகத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பாதி தெர்மோகோலுக்குள்ளேயே நின்றிருந்தது. கைப்பிடியைச் சுவரோடு பிணைக்கும் தட்டுக்கு அடியில் பூச்சு நொறுங்கி ஒரு விரற்கடை ஆழம் உள்வாங்கியிருந்தது. ஸ்க்ரூ மேலும் கீழும் ஆடியதில் துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. அங்கிருந்து துருநீர் இறங்கிய கோடு தரைவரை தெரிந்தது. மழைநீரைத் தடுக்க ஒரு துளி சிலிக்கோன் பசைகூட வைக்கவில்லை. உள்ளே, அதே இடத்தில், சுவர் ஓதம் காத்துக் கறுத்திருந்தது.

பொருத்தியவரிடம் கேட்டால், "காப்பே மோசம், செய்தி பார்க்கவில்லையா?" என்கிறார். செய்தி உண்மைதான். அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு ஒட்டிய வீடுகளில் 98 விழுக்காட்டில் பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஆனால் எங்கள் சுவரில் ஓதம் அவர் போட்ட துளைகளைச் சுற்றி மட்டும்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்து நன்றாக இருக்கிறது. ஊரில் நடந்த தவறுகளைக் காட்டித் தன் வேலையை மறைப்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. காப்பு ஒட்டிய நிறுவனமோ, பிறர் போட்ட துளைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் பொருந்தாது என்று கைவிரித்துவிட்டது.

இதற்கு முறையான வழி இல்லாமல் இல்லை. காப்பு ஒட்டும் முன்பே கைப்பிடி, டிஷ் ஆன்டெனா, மழைநீர்க் குழாய் எங்கே வரும் என்று முடிவு செய்தால், அந்த இடங்களில் தெர்மோகோலுக்குப் பதில் பாரம் தாங்கும் கெட்டியான கட்டைகளைச் செங்கலோடு பிணைத்துவிடலாம். பூச்சு மூடும் முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு ஒட்டியாகிவிட்டதென்றால், இதற்கென்றே ஆங்கர்கள் (சுவருக்குள் ஊன்றிப் பாரம் தாங்கும் பிடிமானங்கள்) இருக்கின்றன. ஃபிஷர் நிறுவனத்தின் தெர்மாக்ஸ் அப்படிப்பட்டது. தண்டு செங்கலுக்குள் பசைச்சாந்தில் இறுகும். குளிர் கடத்தாத பிளாஸ்டிக் கூம்பு காப்பின் தடிமனுக்குள் நிற்கும். சுற்றிலும் நீர்புகாப் பசை அடைக்கும். துளையுள்ள செங்கலாக இருந்தால் பசைச்சாந்து உள்ளே கொட்டிப் போகாமல் இருக்க வலைக்குழாயும் வேண்டும். தெர்மோகோலில் நேராகத் திருகும் பிளாஸ்டிக் சுருள்கள் வீட்டு எண் பலகை போன்ற லேசான பொருளுக்கு மட்டுமே. ஆள் எடை தாங்கவேண்டிய எதற்கும் அவற்றை நம்பாதீர்கள்.

ஆகவே துளைக்கருவியை எடுக்கும் முன்பே கேளுங்கள்: செங்கலுக்கும் தட்டுக்கும் இடையில் பாரத்தைத் தாங்கப்போவது எது? துளைக்குள் மழைநீர் போகாமல் எதை வைத்து அடைப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "நீள ஸ்க்ரூ" என்பதுதான் பதில் என்றால் அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் பொதுவாக நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவிலேயே முடியும். கழற்றிய ஸ்க்ரூவையும் பிளக்கையும் தூக்கி எறியாதீர்கள். எங்களுடையவை தேதியிட்ட உறையில், படங்களோடு இருக்கின்றன. வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பியாகிவிட்டது. அதில் கொடுத்த கெடு முடிந்ததும் வழக்கைப் பதிவு செய்கிறேன்.